ஊரடங்கில் வாங்கிய பென் டேப்லெட்: ஐந்து வருடம் கழித்து

ஐந்து வருடம் கழித்து விமர்சனம் எழுதுவது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் பெட்டியைப் பிரித்த வாரமே எழுதியிருந்தால், “வாங்காதீர்கள்” என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கையில் போன் மட்டும்தான். ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைத்தோமே, அன்று மொட்டைமாடியிலிருந்து பார்த்த தெருவை விரலால் வரைந்தேன். கறுப்பில் சில மஞ்சள் புள்ளிகள், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குத்தான் செய்தி சேனல் பார்க்காமல் தூங்கப் போனேன்.

அப்போது ஆன்லைன் கடைகளில் அத்தியாவசியப் பொருள்கள் மட்டுமே கிடைத்தன. அதனால் டேப்லெட் மே கடைசியில்தான் வந்தது. கம்ப்யூட்டரில் செருகி, மேலே பேனாவால் வரைகிற பலகை. திரை இல்லாத, விலை குறைந்த வகை. வரைகிற இடம் ஏறக்குறைய ஆறுக்கு நாலு அங்குலம், பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்று பிரித்தறிய 2048 நிலைகள், சார்ஜ் தேவைப்படாத பேனா. வரைகிற மென்பொருள் கிரிட்டா, காசு கிடையாது. கை மேஜையில், கண் மானிட்டரில் என்பதால் முதல் மூன்று வாரம் ஒரு வட்டம்கூட மூடவில்லை.

ஜூனில் திருநெல்வேலியில் ஆச்சி இறந்துபோனாள். சென்னையில் 19-ஆம் தேதியிலிருந்து மறுபடி முழு ஊரடங்கு. அப்பா மட்டும் கிளம்பினார், நாங்கள் வாட்ஸ்அப்பில் பார்த்தோம். அன்று ராத்திரி ஆச்சியின் கயிற்றுக் கட்டிலை வரைய உட்கார்ந்தேன். ஒரு கோடு போடுவேன், பிடிக்காது, கன்ட்ரோல் இசட் அழுத்தி அழித்துவிடுவேன். மறுபடி ஒரு கோடு, மறுபடி கன்ட்ரோல் இசட். இரண்டு மணி நேரம் கழித்தும் திரை வெள்ளையாகவே இருந்தது.

எல்லோரும் புகழ்கிற அந்த வசதிதான் எனக்கு எதிரி என்று அப்போதுதான் தெரிந்தது. அழவேண்டிய கோடுகளையெல்லாம் நானே அழித்துக்கொண்டிருந்தேன். கிரிட்டா அமைப்புகளில் போய் அந்தக் குறுக்குவிசையையே எடுத்துவிட்டேன். கட்டில் கோணலாக வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

அடுத்தது அழுத்தம். கோபமாக இருக்கும்போது பேனாவை இறுக்கிப் பிடிப்பேன். கோடெல்லாம் ஒரே தடிமனில், தார் ஊற்றியதுபோல் விழும். அமைப்புகளில் பேனா அழுத்தத்துக்கு ஒரு வளைகோடு இருக்கிறது. அதைக் கீழ்ப்பக்கமாகக் கொஞ்சம் இழுத்துவிட்டால், நன்றாக அழுத்தினால்தான் தடிக்கும். 2048 என்று பெட்டியில் போட்டிருந்ததன் அர்த்தம் அதற்குப் பிறகுதான் புரிந்தது. டேப்லெட் வாங்குகிறவர்கள் முதல் நாளே செய்யவேண்டிய வேலை இது.

2021 கடைசியில் வந்த கிரிட்டா 5-இல், வரைவதைப் பதிவுசெய்து வேகமாக ஓட்டிப் பார்க்கும் வசதி சேர்ந்தது. முடிந்த படத்தைவிட எனக்கு அந்த வீடியோ பிடிக்கும். எங்கே திரும்பத் திரும்பத் தீற்றியிருக்கிறேன் என்பது அதில் தெரிந்துவிடும்.

அந்த 2020 வசந்தத்தில், 82 வயது பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி நார்மண்டியில் உட்கார்ந்து ஐபேடில் டாஃபடில் பூக்களை வரைந்துகொண்டிருந்தார். எனக்கும் ஆசைதான். அவருக்குத் தோட்டம் இருந்தது, எனக்கு எதிர்வீட்டு சின்டெக்ஸ் தொட்டி. அதையே பதினொரு தடவை வரைந்திருக்கிறேன். ஒன்பதாவது பரவாயில்லை.

குறைகள்: நிப், அதாவது பேனா முனை, சீக்கிரம் தேய்கிறது. பலகையின் நடுவில் வழவழவென்று ஒரு தேய்மானம், அங்கே பேனா வழுக்குகிறது. கேபிள் செருகுமிடம் ஆட்டம் கண்டு, இப்போது ரப்பர் பேண்ட் போட்டு ஓடுகிறது. கழுத்துவலிக்கு டேப்லெட்டைக் குறை சொல்ல முடியாது, என் நாற்காலி அப்படி.

மனசு சரியில்லை என்று இதை வாங்க நினைப்பவர்களுக்கு: முதலில் போனில் விரலால் ஒரு மாதம் வரைந்து பாருங்கள். அப்புறமும் கை தேடினால் வாங்கலாம். தூக்கமே வராத நிலைமை என்றால் டாக்டரைப் பாருங்கள், நானும் போனேன்.

கட்டில் படத்தின்மேல் கண்ணாடித் தாள்போல கடைசியாக ஒரு லேயர் உண்டு, ஆச்சி உட்கார்ந்திருப்பதுபோல. அது தெரியாதபடி அதன் கண் குறியை அணைத்தே வைத்திருக்கிறேன். போன மாதம் அம்மா பார்க்கவேண்டும் என்றாள். போட்டுக் காட்டினேன். “மூக்குத்தி இந்தப் பக்கம்லா போட்டிருப்பாங்க” என்றாள். மாற்றவேண்டும்.