மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும் முன் 'டாக்டர் எங்கே?' என்று கேளுங்கள்

வீட்டில் குடிநோயாளி இருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். என் அண்ணன் விஷயத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

அவருக்கு நாலு வருடமாக விடிந்ததுமே குடிக்க வேண்டும். ஒருநாள் அண்ணி அழுதுகொண்டே போன் செய்தார். பஸ் ஸ்டாப் சுவரொட்டியில் பார்த்த ஒரு போதை மறுவாழ்வு மையத்துக்குப் பேசினேன். சென்னைப் புறநகரில் வாடகை வீடுகளில் இப்படி நிறைய முளைத்திருக்கின்றன. "மூணு மாச கோர்ஸ் சார், நாங்களே வந்து தூக்கிக்கிறோம்" என்றார்கள். ராத்திரி 11 மணிக்கு வேனில் நாலு பேர் வந்தார்கள். அண்ணனை லுங்கியோடு, செருப்புகூட இல்லாமல் ஏற்றினார்கள். அட்வான்ஸ் 30,000 ரூபாய்க்கு ரசீது கிடையாது. 45 நாளைக்குப் பார்க்கவும் கூடாது, போனில் பேசவும் கூடாதாம். அதையும் நம்பினேன்.

மூன்றாவது வாரம், அங்கிருந்து வெளியே வந்த ஒரு பையன் அண்ணியைத் தேடி வந்து உள்ளே நடப்பதைச் சொன்னான். அப்புறம்தான் ஓடினோம்.

நீண்ட நாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். அதற்கு மாத்திரை உண்டு, வைட்டமின் பி1 ஊசி உண்டு. அந்த வீட்டில் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அண்ணன் போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று பொறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். நடிக்கிறான் என்று ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டார்கள். ஆட்டோவில் வரும்போது இரண்டு கைகளையும் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தார். அம்மா விலக்கிப் பார்த்தார். மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்பாக வளையம்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சேர்த்தோம். அங்கேதான் தெரிந்தது: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியால் வரும் மனநோயும் அடங்கும். இப்படிச் சேர்த்துக்கொள்ளும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சம்மதிக்கும் நிலையில் இல்லாதவரைக்கூட மனநல மருத்துவர் பரிசோதித்த பிறகே சேர்க்கலாம், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். சங்கிலியால் கட்டவே கூடாது. போனில் பேசுவது நோயாளியின் உரிமை.

அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம். அண்ணன் மாத்திரை சாப்பிடுகிறார், ஆனால் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அவர் மேல் தப்பில்லை.

அவசரத்தில் இருப்பவர்கள் முதலில் போதை மீட்புக்கான அரசு உதவி எண் 14446-க்குப் பேசுங்கள், இலவசம். எந்த மையமானாலும் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முதல் மூன்று நாள் எந்த டாக்டர் பார்ப்பார் என்று கேளுங்கள். மழுப்பினால் வேனை வரச் சொல்லாதீர்கள்.