டிரெஞ்ச் கோட்: பர்பரியா, அக்வாஸ்கூட்டமா?

டிரெஞ்ச் கோட்டை, அதாவது இடுப்புப் பட்டை வைத்த முழங்கால் நீள மழைக்கோட்டை, முதலில் தைத்தது யார் என்று கேட்டால் லண்டனில் இரண்டு பெயர்கள் போட்டி போட்டுக்கொண்டு கை தூக்கும். ஒன்று பர்பரி, இன்னொன்று அக்வாஸ்கூட்டம். இரண்டுக்கும் முன்னால் மழைக்கோட்டு வியாபாரத்தில் இருந்த மாகிண்டாஷை இந்தச் சண்டையில் யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் அங்கிருந்து தொடங்கினால்தான் கதை புரியும்.

சார்லஸ் மாகிண்டாஷ் ஸ்காட்லாந்துக்காரர். நாப்தா என்னும் கரைப்பானில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, 1823-ல் காப்புரிமை வாங்கினார். மழை ஒரு சொட்டுகூட உள்ளே வராது. சரி, வியர்வை எப்படி வெளியே போகும்? போகாது. வெயில் ஏறினால் பிசுபிசுப்பு, குளிரில் விறைப்பு, அப்புறம் அந்த ரப்பர் நாற்றம். பிசுபிசுப்பை, ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கும் வல்கனைசிங் பின்னாளில் தீர்த்தது. உள்ளே புழுங்குவதைத் தீர்க்கவில்லை.

அக்வாஸ்கூட்டம் வேறு வழியில் போனது. லண்டன் தையல்காரர் ஜான் எமரி 1851-ல் கடை திறந்தார். 1853-ல் தண்ணீர் ஒட்டாத கம்பளித் துணிக்குக் காப்புரிமை பெற்றார். கிரிமியப் போருக்குப் போன பிரிட்டிஷ் அதிகாரிகள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டார்கள். 'நாங்கள்தான் முதல்' என்று சொல்ல அக்வாஸ்கூட்டத்துக்கு இருக்கும் ஆதாரம் இதுதான். எனக்கு இது போதவில்லை. போர்க்களத்துக்குப் போன மழைக்கோட்டெல்லாம் டிரெஞ்ச் கோட் ஆகிவிடாது.

தாமஸ் பர்பரி 1856-ல், 21 வயதில், பேசிங்ஸ்டோக்கில் கடை போட்டவர். அவருடைய சாமர்த்தியம் துணியில் இருக்கிறது. நெய்த பிறகு மேலே எதையாவது பூசுவதுதான் அதுவரை வழக்கம். அவர் நூலையே முதலில் நீர் ஒட்டாதபடி பதப்படுத்தி, அப்புறம் நெருக்கமாக நெய்தார். அதுதான் கேபர்டின்: 1879-ல் உருவாக்கி, 1888-ல் காப்புரிமை பெற்றார். நல்ல கேபர்டினை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மெல்லிய சாய்வு வரிகள் தெரியும். மழைத்துளி அதன் மேல் உருண்டு ஓடிவிடும்; உடம்பின் ஆவி இழைகளுக்கு இடையே வெளியேறும். 1914-ல் அண்டார்டிகாவுக்குக் கிளம்பிய ஷாக்கிள்டன் குழு இந்தத் துணியைத்தான் நம்பியது. 1912-ல் பர்பரி காப்புரிமை பெற்ற 'டைலாக்கன்' கோட்டில் பொத்தான் வரிசை கிடையாது, இடுப்புப் பட்டையால் இழுத்துக் கட்ட வேண்டும். டிரெஞ்ச் கோட்டின் நேரடி முன்னோடி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

முதல் உலகப் போரில் இரண்டு கடைகளும் அதிகாரிகளுக்குத் தைத்தன. அதிகாரிகளுக்கு மட்டும்தான், கவனியுங்கள். அவர்கள் தங்கள் சீருடையைத் தையல்காரரிடம் தாங்களே வாங்கிக்கொள்வார்கள். சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தது கனத்த கம்பளி கிரேட்கோட். பதுங்குகுழிச் (ஆங்கிலத்தில் 'டிரெஞ்ச்') சேற்றில் ஊறினால் அதன் எடையே அவனை இழுத்துவிடும். கத்தியால் அடிப்பகுதியை வெட்டி எறிந்தவர்களும் உண்டு. டிரெஞ்ச் கோட் முழங்காலை ஒட்டி நின்றதன் அருமை அந்தச் சேற்றில்தான் தெரியும். தோளில் இருக்கும் பட்டி பதவிச் சின்னத்துக்கு. மார்பின் மேல் மடியும் கூடுதல் துணி, கோட்டின் திறப்பில் நீர் இறங்காமல் தடுக்கும். இடுப்புப் பட்டையின் 'டி' வளையத்தில் கையெறிகுண்டு தொங்கியது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. வரைபடப் பை போன்ற சாமான்களை மாட்டினார்கள் என்பதுதான் நம்பும்படி இருக்கிறது.

ஆக, துணிக்கு பர்பரி, வயதுக்கு அக்வாஸ்கூட்டம். டிரெஞ்ச் கோட்டை ஒரே கடையின் பெயரில் எழுதிவைக்க முடியாது என்பது என் கட்சி. அந்த வடிவம் அதிகாரிகள் கேட்கக் கேட்கப் போரின் நடுவே திரண்டது.

இன்று வாங்குவதென்றால் கணக்கு மாறுகிறது. பர்பரி இன்னும் யார்க்ஷயரின் காசில்ஃபோர்டில் தைக்கிறது. விலை 1,500 பவுண்டுக்கு மேல். அதில் ஒரு பங்கு அந்தக் கட்டம் போட்ட லைனிங்குக்கும் பெயருக்கும்தான். அக்வாஸ்கூட்டம் 2012-ல் கடனில் மூழ்கி, அப்புறம் கை மாறிக்கொண்டே இருந்தது. அதனாலேயே அதன் பழைய கோட்டுகள் செகண்ட் ஹேண்டில் பர்பரியைவிட மலிவாக அகப்படும். தையலில் குறை சொல்ல முடியாது. என் பணம் என்றால் அதற்குத்தான் போகும்.

பழைய பர்பரிதான் வேண்டுமென்றால் லேபிளைப் பாருங்கள்: 'பர்பரிஸ்' என்று கடைசியில் 'ஸ்' இருந்தால் 1999-க்கு முந்தியது. எந்தப் பெயரானாலும் உள்ளே ஸ்வெட்டர் போட்டபடி போட்டுப் பாருங்கள், கையை முன்னால் நீட்டினால் முதுகு இழுக்கக் கூடாது. பலமுறை டிரை கிளீன் ஆன துணியில் நீர் தடுக்கும் பதம் போயிருக்கும். வாங்கியதும் ஒருமுறை திரும்பப் பதம் ஏற்றித் தரச் சொல்லுங்கள்.