ஓடுகிற கெர்னலில் மாட்யூலுக்கு ஒட்டுப்போட்டு நாலரை வருஷம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லைவ் பேட்ச் (லினக்ஸின் மையமான கெர்னலில் இருக்கும் ஓட்டையை, ரீபூட் செய்யாமல், ஓடும்போதே அடைப்பது) வந்ததால் நான் ரீபூட் செய்வதை நிறுத்திவிடவில்லை. முன்பு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பதறியடித்துக்கொண்டு செய்த ரீபூட் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு விடியற்காலையில், எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு நடக்கிறது. எனக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான். சின்ன லாபம் என்று நினைப்பவர்கள் அந்தச் செவ்வாய்க்கிழமைகளைப் பார்த்ததில்லை.

நான் பார்த்துக்கொள்வது 14 கேவிஎம் ஹோஸ்ட்கள், அதாவது லினக்ஸின் கேவிஎம் வசதியால் பல விர்ச்சுவல் மெஷின்களைச் சுமக்கும் சர்வர்கள். விர்ச்சுவல் மெஷின்களின் டிஸ்க் எல்லாம் அந்தந்த ஹோஸ்ட்டிலேயே கிடக்கின்றன, பொதுவான ஸ்டோரேஜ் கிடையாது (பட்ஜெட் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது), அதனால் ஒரு ஹோஸ்ட்டைக் காலி செய்வது என்றால் டெராபைட் கணக்கில் இரவெல்லாம் நகலெடுக்க வேண்டும்.

மாட்யூல் என்பது கெர்னலில் வேண்டும்போது ஏற்றி இறக்கக்கூடிய ஒரு துண்டு. “மாட்யூல்தானே, கழற்றி மாட்டினால் முடிந்தது, இதற்கு எதற்கு லைவ் பேட்ச்?” என்று டீமில் புதிதாகச் சேரும் எல்லாரும் கேட்பார்கள், நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். ஆர்எம்மாட் (மாட்யூலைக் கழற்றும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். கேவிஎம் மாட்யூலைப் பிடித்துக்கொண்டு முப்பது மெஷின் ஓடுகிறது, எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் மேல்தான் ரூட் பார்ட்டிஷனே உட்கார்ந்திருக்கிறது, நெட்வொர்க் கார்டின் டிரைவரைக் கழற்றினால் நீங்கள் அந்தக் கட்டளையைக் கொடுத்த எஸ்எஸ்ஹெச் இணைப்பே (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைந்த வழியே) போய்விடும். சுலபமாகக் கழற்றக்கூடிய மாட்யூலில் வரும் ஓட்டையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, கவலைப்பட வைப்பவை எல்லாம் இப்படி வேரோடிப்போனவைதான்.

உள்ளே நடப்பது இதுதான். கெர்னலைக் கம்பைல் செய்யும்போதே அநேகமாக ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் எஃப்டிரேஸ் என்ற கண்காணிப்பு வசதிக்காக ஒரு சின்ன இடம் விடப்படுகிறது, சாதாரணமாக அங்கே ஒன்றும் நடக்காது. லைவ் பேட்ச் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, பழைய ஃபங்ஷனுக்கு வருகிற அழைப்பைப் புதியதின் பக்கம் திருப்பிவிடுகிறது. பழைய கோடு அழிவதில்லை, வாசலில் ஆள் நின்று “பக்கத்து வீட்டுக்குப் போங்க” என்கிற கதை. புதிய ஃபங்ஷன்களைச் சுமந்துவரும் பேட்ச்சும் ஒரு மாட்யூல்தான். இது புதிய சமாச்சாரமும் இல்லை. கேஸ்பிளைஸ் என்ற பெயரில் எம்ஐடியில் தொடங்கி 2011-ல் ஆரக்கிள் கைக்குப் போனது, 2014-ல் ரெட் ஹேட் கேபேட்ச்சையும் சூசே கேகிராஃப்ட்டையும் தனித்தனியாக வெளியிட்டன, இரண்டுக்கும் பொதுவான அடித்தளம் 2015-ல் லினக்ஸ் 4.0-க்குள் வந்தது. கேகிராஃப்ட் மாதிரி ஒவ்வொரு டாஸ்க்காக (ஓடுகிற வேலையாக) மாற்றுவது, கேபேட்ச் மாதிரி ஸ்டாக்கை (அந்த வேலை இப்போது எந்தெந்த ஃபங்ஷனுக்குள் இருக்கிறது என்ற பதிவை) பார்த்து உறுதி செய்துகொள்வது, இந்த இரண்டையும் சேர்த்த முறை 2017-ல் 4.12-ல் வந்தது. இன்றைக்கும் அதுதான்.

மாட்யூல் விஷயத்தில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. பேட்ச்சில் ஒவ்வொரு ஃபங்ஷனும் எந்த மாட்யூலைச் சேர்ந்தது என்று பெயர் போட்டுத்தான் இருக்கும். அந்த மாட்யூல் இன்னும் லோட் ஆகவில்லையா, பரவாயில்லை, பேட்ச் காத்திருக்கும். 2024 மார்ச்சில் என்எஃப்-டேபிள்ஸ் என்ற ஃபயர்வால் மாட்யூலின் ஓட்டைக்கு (ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2024-1086), வேலை செய்யும் எக்ஸ்ப்ளாய்ட் (தாக்கும் நிரல்) வெளியானபோது இதை நேரிலேயே பார்த்தேன். ஃபயர்வாலின் தீர்ப்பில் “கைவிடு” என்பதோடு வருகிற பிழை எண்ணைச் சரியாகச் சோதிக்காததால், அதை “ஏற்றுக்கொள்” போலத் தெரியவைத்து ஒரே பாக்கெட்டை இரண்டு முறை விடுவிக்க வைக்கலாம், சாதாரண யூசர் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ளவர்) ஆகிவிடலாம். திருத்தம் என்னவோ ஒரு சின்ன ஃபங்ஷனுக்குள் சில வரிகள்தான், லைவ் பேட்ச்சுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. 11 ஹோஸ்ட்டில் மாட்யூல் ஓடிக்கொண்டிருந்தது, உடனே மாறியது. மீதி மூன்றில் மாட்யூலே ஏறியிருக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த மூன்றில் ஒன்றில் யாரோ ஃபயர்வால் சர்வீஸைக் கிளப்ப, லோட் ஆகிற மாட்யூலுக்குப் பேட்ச்சைப் பொருத்துவதாக டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவில்) ஒரு வரி வந்து நின்றது. டிஸ்க்கில் இருக்கும் கோப்பு அதே பழைய ஓட்டையோடுதான் இருக்கிறது, மெமரிக்கு வரும்போதே ஒட்டுப்போட்டு வருகிறது. அன்றைக்கு டீ கொஞ்சம் கூடுதலாகவே இனித்தது.

ஆனால் எல்லாத் திருத்தமும் இப்படி அமையாது. இனிட் என்று குறித்த ஃபங்ஷனைத் தொட முடியாது, அது மாட்யூல் ஏறும்போதே ஓடி முடிந்துவிட்டது. ஒரு ஸ்ட்ரக்டில் (தகவல்களைச் சேர்த்து வைக்கும் கட்டமைப்பில்) புதிதாக ஒரு ஃபீல்டு சேர்ப்பதாக இருந்தால் தலைவலிதான், ஏற்கெனவே மெமரியில் ஆயிரக்கணக்கில் இருப்பவை பழைய அளவில் இருக்கின்றன. ஷேடோ வேரியபிள் என்று ஒரு வழி இருக்கிறது, பக்கத்தில் தனியாகத் துண்டுச்சீட்டு ஒட்டி வைக்கிற மாதிரி, ஆனால் அப்ஸ்ட்ரீம் (மூல லினக்ஸில் வந்த) திருத்தத்தை நாமே வேறு விதமாகத் திரும்ப எழுத வேண்டும், அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது. கேபேட்ச்-பில்டு என்ற கருவி கெர்னல் கோடைத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் கம்பைல் செய்து, மாறிய ஃபங்ஷன்களை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுக்கும். கம்பைலர் பதிப்பு மூலக் கெர்னலோடு அச்சாகப் பொருந்தவில்லை என்றால் தொடங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அது சரியான அடம்தான். நான் கையில் எடுத்த திருத்தங்களில் மூன்றில் ஒன்றையாவது “ஞாயிற்றுக்கிழமை ரீபூட்டில் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டிருப்பேன்.

அடுத்து, மாறுதல் முடியாமல் தொங்கிப்போவது. ஒவ்வொரு டாஸ்க்கும் புதிய கோடுக்கு மாற வேண்டும், தூங்குகிற டாஸ்க்கின் ஸ்டாக்கில் பழைய ஃபங்ஷன் இல்லை என்று உறுதியானால்தான் கெர்னல் அதை மாற்றும். யூசர் புரோகிராம்கள் பெரும்பாலும் நொடியில் மாறிவிடும், கெர்னல் த்ரெட்கள்தான் மல்லுக்கு நிற்கும். கேவிஎம்காரர்களுக்கு இது தெரிந்த வேதனை: நெட்வொர்க் போக்குவரத்து அதிகமாக இருக்கிற மெஷினின் வி-ஹோஸ்ட் த்ரெட் (அதன் நெட்வொர்க் வேலையைக் கெர்னலுக்குள் செய்வது) தூங்கவே தூங்காது, ஓடிக்கொண்டே இருக்கிறவனின் ஸ்டாக்கைப் பார்ப்பது எப்படி? 2023-ல் கெர்னலிலேயே இதற்குத் திருத்தம் வந்தது, எங்களுடைய பழைய கெர்னலில் அது இல்லாததால் நான் இரவு மூன்று மணிக்குப் பேட்ச் போட்டுப் பழகிக்கொண்டேன்.

அதைவிட மோசம் ஒரு ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிப்பது). கார்டு செய்த கம்பெனி தன் டிரைவரைத் தனியாக, பைனரியாகக் கொடுத்திருந்தது, அதன் த்ரெட்டுடைய ஸ்டாக்கை நம்ப முடியாது என்று கெர்னல் ஒவ்வொரு முறையும் கைவிரித்துவிடும். பிராக் கோப்பகத்தில் ஒவ்வொரு டாஸ்க்கின் பேட்ச்-ஸ்டேட்டையும் ஸ்கிரிப்ட் எழுதித் தேடினால் அந்த ஒரே ஆள் மட்டும் 0 (மாறவில்லை) என்று உட்கார்ந்திருக்கிறான், மற்ற எல்லாரும் 1 (மாறியாயிற்று). கேபேட்ச் கொஞ்ச நேரம் காத்திருந்து, தட்டி எழுப்பிப் பார்த்து, கடைசியில் தானே பின்வாங்கிவிடும். ஃபோர்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, அதைத் தொட்டுவிடாதீர்கள். சரிபார்க்காமலே எல்லாரையும் மாறியதாகக் குறித்துவிடும், அந்தப் பேட்ச்சை அப்புறம் கழற்றவும் முடியாது. ஒரு தடவை, கோபத்தில், செய்தேன். மெஷின் விழவில்லை. ஆனால் ரீபூட் நாள் வரும்வரை ஆறு வாரம் நிம்மதியாகத் தூங்கவில்லை.

என் சொந்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கேபேட்ச் லோட் என்பது இப்போதைக்கு மட்டும், அடுத்த பூட்டிலும் வேண்டுமென்றால் இன்ஸ்டால் செய்ய வேண்டும். ஒரு ஹோஸ்ட்டில் லோட் மட்டும் கொடுத்துவிட்டு மறந்துவிட்டேன். யூபிஎஸ் பழுதாகி அது ஒரு நாள் தானாகவே ரீபூட் ஆனது, பழைய கெர்னல், பழைய மாட்யூல், பழைய ஓட்டையோடு எழுந்து ஒன்பது நாள் ஓடியது. யூநேம் (கெர்னல் பதிப்பைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் ஒட்டுப்போட்டதற்கும் போடாததற்கும் ஒரே எண்தான் வரும், அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆடிட் ஸ்கேனருக்கும் இதே கண் நோய்தான், வெறும் கெர்னல் எண்ணைப் பார்த்து 14 ஹோஸ்ட்டையும் சிவப்பில் காட்டும், ஒவ்வொரு காலாண்டும் உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதுகிறேன். டெய்ன்ட் எண்ணில் (கெர்னலில் வழக்கத்துக்கு மாறானது நடந்ததைக் குறிப்பது) 32768 கூடியிருக்கிறதா என்று பார்த்தால் லைவ் பேட்ச் ஏறியது தெரியும், எந்தப் பேட்ச் என்பது தெரியாது. இப்போது சிஸ் கோப்பகத்தில் லைவ்பேட்ச்சின் கீழே இருக்கும் பெயர்களைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மானிட்டரிங்குக்கு அனுப்புகிறேன், இருக்க வேண்டிய பெயர் இல்லை என்றால் போன் அலறும்.

அந்த ரெய்டு கார்டு ஹோஸ்ட்டை மட்டும் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். அதில் இருந்த முக்கியமான மெஷின்களை ஒரு நீண்ட வார இறுதியில் நகர்த்திவிட்டு டெஸ்ட் மெஷின்களை ஏற்றியிருக்கிறேன், ஓட்டை வந்தால் அன்றைக்கே, பட்டப்பகலில், ரீபூட்.