ஸ்பிட்ஃபயர் வானொலிப் பெட்டி என்ற பெயரில் வரும் வெற்றுக்கூடு: வாங்க நினைப்போருக்கு ஓர் எச்சரிக்கை

இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களின் விமானி அறையை வீட்டில் அமைத்து, அதைக் கணினியில் உள்ள ஃபிளைட் சிமுலேட்டர் என்ற பறப்பு மென்பொருளோடு இணைத்துப் பறக்கும் அன்பர்கள் மலேசியத் தமிழர்களிடையே இப்போது ஓரளவு பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் வானொலிக் கட்டுப்பாட்டுப் பெட்டியை அசலைப் போலவே செய்து தருவதாகச் சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்யும் ஒருவரிடம் 2,400 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து நான் வாங்கிய பொருள் எதற்கும் பயன்படாதது. அதைவிட முக்கியமாக, அப்படியே இணைத்தால் கணினியையே பழுதாக்கக்கூடியது. விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போயிருப்பதால் விற்றவரின் பெயரை எழுதவில்லை. அவர் அனுப்பும் பொருளை அடையாளம் கண்டுகொள்ளத் தேவையானவை அனைத்தையும் எழுதுகிறேன்.

நான் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். செம்பனை ஆலையில் நெடுங்காலம் மின்பணியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். இந்த விமானத்தின் மீது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஈடுபாடு வருவதற்குக் காரணம் உண்டு. 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் தொடக்க ஆண்டுகளில் பிரிட்டிஷ் விமானப் படையின் ஸ்பிட்ஃபயர்கள் மலாயாக் காடுகளின் மேல் பறந்தன. அந்தப் படையில் ஸ்பிட்ஃபயர் கடைசியாகப் பணிக்குப் பறந்ததும் மலாயாவின் வானில்தான்: 1954 ஏப்ரல் 1 அன்று, சிங்கப்பூரின் செலேத்தார் தளத்திலிருந்த 81ஆம் படைப்பிரிவின் படமெடுக்கும் விமானம் அது. ஒட்டுப்பலகையாலும் அலுமினியத் தகட்டாலும் ஸ்பிட்ஃபயர் ஒன்பதாம் வகையின் விமானி அறையை நானும் என் அண்ணன் மகனும் கட்டிக்கொண்டிருக்கிறோம். மானிகள், த்ராட்டில் (இயந்திர வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு), மிதிகள் எல்லாம் முடிந்து, இடப்பக்கம் த்ராட்டிலுக்கு மேலே பொருத்த வேண்டிய வானொலிப் பெட்டி மட்டும் பாக்கியிருந்தது.

அந்தப் பெட்டி பார்ப்பதற்கு எளிமையானது. உண்மையான வானொலி விமானியின் இருக்கைக்குப் பின்னால், உடற்பகுதிக்குள் இருக்கும். விமானியின் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது ஐந்து பொத்தான்கள் கொண்ட கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டுமே. ஒன்று நிறுத்துவதற்கு, மற்ற நான்கும் ஏ, பி, சி, டி என்ற நான்கு அலைவரிசைகளுக்கு. அலைவரிசைகளைத் தரைப் பணியாளர்கள் அதிர்வெண்ணை நிலைநிறுத்தும் படிகங்களைப் பொருத்தி முன்கூட்டியே நிர்ணயித்துவிடுவார்கள். பறக்கும்போது விமானி எதையும் திருகித் தேட முடியாது, பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும். ஒவ்வோர் அலைவரிசைப் பொத்தானின் அருகிலும் ஒரு சிறு விளக்கு, இரவில் அதன் வெளிச்சத்தைக் குறைக்க ஒரு மறைப்பு, கீழே ஒலிபரப்பு, கேட்பு, தொலைக்கட்டுப்பாடு என்ற மூன்று நிலைகளுக்கு நகரும் ஒரு நெம்பு. இந்தப் பெட்டி இயக்கும் பிரிட்டனின் டிஆர் 1143 என்ற வானொலியின் வடிவமைப்பைப் பின்பற்றி அமெரிக்கர்கள் எஸ்சிஆர் 522 என்ற கருவியைச் செய்து மஸ்டாங், தண்டர்போல்ட் விமானங்களில் வைத்தார்கள். அதனால் அவற்றின் பெட்டியும் ஏறக்குறைய இப்படியே இருக்கும்.

இதன் உயிர் பொத்தான்களுக்குள் இருக்கும் பூட்டு அமைப்பில் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் அது உள்ளேயே தங்கும். முன்பு தங்கியிருந்த பொத்தான் தானாக வெளியே வரும். நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் எல்லாம் விடுபடும். கண்ணால் பார்க்காமலே, எந்த அலைவரிசையில் இருக்கிறோம் என்பதை விமானி விரலால் தடவி அறிந்துகொள்ள வழி செய்தது அதுதான். சாதாரண அழுத்துப் பொத்தான்களை வைத்து, ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் எழுதும் நிரலால் விளக்குகளை மாற்றி மாற்றி எரியவிட்டாலும் சிமுலேட்டர் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதற்கு 30 வெள்ளிக்குமேல் செலவில்லை. நான் 2,400 வெள்ளி கொடுக்க ஒப்புக்கொண்டது அந்த இயந்திரப் பூட்டுக்காகத்தான். அதை வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதியும் கேட்டேன். அலுமினிய வார்ப்புக் கூடு, இயந்திரப் பூட்டுள்ள ஐந்து பொத்தான்கள், தனித்தனி விளக்குகள், மூன்று நிலை நெம்பு, யூஎஸ்பி இணைப்பு ஆகிய ஐந்தையும் அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டார். “அண்ணே, கவலையே படாதீங்க, பட்டனை அமுக்கினா அந்தக் காலத்துச் சத்தம் அப்படியே கேட்கும்” என்று குரல்பதிவும் அனுப்பினார். பாதிப் பணம் முன்பணமாகவும், பொருள் தயாரான படத்தைக் காட்டியதும் மீதியும் கொடுப்பதாக ஏற்பாடு. படங்கள் வந்தன, அழகாகவே இருந்தன. மீதிப் பணமும் போனது.

கூரியரில் வந்த பெட்டியைக் கையில் எடுத்ததுமே எடை போதவில்லை. கூடு அலுமினியம் அன்று. முப்பரிமாண அச்சில் வார்த்த பிஎல்ஏ பிளாஸ்டிக்கின் மேல் கருப்புச் சாயம் அடித்திருந்தார்கள், ஓரங்களில் அச்சின் அடுக்கு வரிகள் தெளிவாகத் தெரிந்தன. பிஎல்ஏ சுமார் 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும் பிளாஸ்டிக். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள்ளும், துத்தநாகக் கூரையை ஒட்டிய பரணிலும் நம் ஊர் வெப்பம் அதன் அருகே போய்விடும். என் கைக்கு வரும்போதே பின்மூடி சற்று வளைந்திருந்தது. பொத்தான்கள் ஐந்தும் அழுத்திவிட்டால் உடனே மேலே வரும் மலிவான குமிழ்கள். பூட்டு என்று எதுவுமே இல்லை. நான்கு விளக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு துளைகள் இருந்தன. அவற்றின் பின்னால் ஒரே ஒரு எல்இடி பட்டை ஒட்டப்பட்டிருந்ததால் எதை அழுத்தினாலும் நான்கும் ஒன்றாக எரிந்தன. நெம்பு நகர்ந்தது, ஆனால் அதன் அடியில் ஒரு கம்பிகூட இணைக்கப்படவில்லை.

பெட்டியின் முகப்பில் பதித்திருந்த பெயர்த் தகட்டை எல்லாரும் கவனித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதைத்தான் அவர் அசல் தன்மைக்குச் சான்றாகக் காட்டுகிறார். பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் கிரீடச் சின்னமும் ‘6ஏ’ என்று தொடங்கும் ஓர் இருப்பு எண்ணும் அதில் இருந்தன. அந்த அமைச்சகத்தின் இருப்பு முறையில் 6ஏ என்பது வேகமானி, உயரமானி போன்ற பறப்பு மானிகளுக்கு உரிய பிரிவு. வானொலிப் பொருள்கள் பத்தாம் பிரிவைச் சேர்ந்தவை. இத்தகைய கட்டுப்பாட்டுப் பெட்டியின் எண் ‘10ஜே’ என்றுதான் தொடங்க வேண்டும். யாரோ ஒரு மானியின் தகட்டைப் படமெடுத்து, லேசரால் பொறித்து எல்லாப் பெட்டிகளிலும் ஒட்டுகிறார்கள் என்பது என் முடிவு.

அவருடைய விளம்பரத்தில் மேலும் இரண்டு கூற்றுகள் உள்ளன. 1940இல் பிரிட்டன் வான்போரில் பறந்த ஸ்பிட்ஃபயரின் பெட்டி இது என்கிறார். அந்தக் கோடையில் பெரும்பாலான படைப்பிரிவுகள் டிஆர் 9 என்ற பழைய உயர் அதிர்வெண் கருவியையே வைத்திருந்தன. பொத்தான் பெட்டியோடு கூடிய கருவி எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். எழுத்துகளில் பூசியிருப்பது போர்க்காலத்து ஒளிர்சாயம் என்றும், இருட்டில் பளிச்சென்று பச்சையாக ஒளிர்வதே அதற்குச் சான்று என்றும் சொல்கிறார். இது நேர்மாறான பேச்சு. போர்க்கால ஒளிர்சாயத்தில் ரேடியமும் துத்தநாக சல்ஃபைடும் கலந்திருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள், ஆனால் அதன் கதிர்வீச்சு பட்டுப் பட்டுத் துத்தநாக சல்ஃபைடு சில பத்தாண்டுகளிலேயே சிதைந்து ஒளிரும் தன்மையை இழந்துவிடும். ஆகவே 80 ஆண்டுப் பழைய சாயம் மங்கிக் கிடக்கும், கதிர்வீச்சு மட்டும் குறையாமல் இருக்கும். பளிச்சென்று ஒளிர்வது அண்மையில் கடையில் வாங்கிய சாயம். உண்மையான பழைய சாயமாக இருந்தால் அதைச் சுரண்டவோ, அதன் தூளை முகரவோ கூடாது என்ற ஒரு வரி எச்சரிக்கைகூட அந்த விளம்பரத்தில் இல்லை என்பது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தப் பொருள்களைப் பிள்ளைகளும் தொடுகிறார்கள்.

இனி நான் மிகவும் வலியுறுத்த வேண்டிய பகுதி. அசல் ஸ்பிட்ஃபயரின் மின்னழுத்தம் 12 வோல்ட் என்பதால் விளக்குகளுக்கு 12 வோல்ட் அடாப்டர் ஒன்றையும் அவர் சேர்த்து அனுப்பியிருந்தார். அது தவறன்று. ஆனால் ஒவ்வொரு பொத்தானும் அந்த 12 வோல்ட்டை நேராக, கணினியோடு பேசுவதற்காக உள்ளிருந்த சிறு மின்னணுப் பலகையின் உள்ளீட்டு முனைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தப் பலகையில் இருப்பது ஏடிமெகா 32யூ4 சில்லு. 5 வோல்ட்டில் இயங்கும் அதன் முனைகளுக்கு ஐந்தரை வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. 12 வோல்ட் ஏறினால் சில்லு எரியும். அதற்கு முன்பே, சில்லுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக மின்னழுத்தம் யூஎஸ்பி வடத்தின் வழியே கணினியை நோக்கித் திரும்பவும் கூடும். தொழில் பழக்கத்தால் கணினியில் செருகுவதற்கு முன்பு மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பொத்தானை அழுத்தியதும் முனையில் 12 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டியது. விற்கும் பொருளை ஒருமுறையாவது கணினியில் இணைத்துப் பார்த்திருந்தால் இப்படி அனுப்பியிருக்க முடியாது. அடாப்டரிலும் சிரிம் என்ற மலேசியத் தர நிறுவனத்தின் முத்திரை இல்லை. நம் நாட்டில் இத்தகைய அடாப்டர்களை எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலும் சிரிம் முத்திரையும் இல்லாமல் விற்கக் கூடாது.

எல்லாவற்றையும் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். முதலில் கூரியரில் சேதமடைந்திருக்கும் என்றார். இல்லாத பூட்டு எப்படிச் சேதமாகும் என்று கேட்டதும், இயந்திரப் பூட்டு வேண்டுமானால் இன்னும் 900 வெள்ளி ஆகும் என்றார். அவர் முன்பு எழுத்தில் ஒப்புக்கொண்டதை அவருக்கே திருப்பி அனுப்பிய பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். அதன் பின்னர்தான் இன்னொன்று தெளிவானது: விளம்பரத்தில் இருந்த வணிகப் பெயர் ஒன்று, பணம் போன வங்கிக் கணக்கின் பெயர் வேறொன்று. இணையத்தில் விற்பவர்கள் தங்கள் பெயர், பதிவு எண், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்று மின்வணிக விதிமுறைகள் சொல்கின்றன. அந்தப் பக்கத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும் தவிர வேறெதுவும் இல்லை.

இத்தகைய பெட்டியை யாரிடம் வாங்கினாலும் படத்தை நம்பி மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏ பொத்தானை அழுத்தி, பிறகு சி பொத்தானை அழுத்தி, முதல் பொத்தான் தானே வெளியே வருவதைத் துண்டிப்பில்லாத காணொளியாகக் கேளுங்கள். அதே காணொளியில் பின்மூடியைத் திறந்து உள்ளே காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அருகே வைக்கச் சொல்லுங்கள். உண்மையில் செய்பவருக்கு இது சில நிமிட வேலை. வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மோசடிப் புகார் உள்ள எண்களைக் காட்டும் போலீசாரின் ‘செமாக் மியூல்’ தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே புகார் பதிவாகவில்லை என்பதாலேயே ஒருவர் நல்லவர் என்று ஆகிவிடாது. என்னிடம் பணம் பெற்றவரின் எண்ணும் அங்கே இல்லை.

நான் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில், அதாவது திரிபுனல் துந்துத்தான் பெங்குனாவில், மனு கொடுத்திருக்கிறேன். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அவர்கள் விசாரிக்கிறார்கள். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, பொதுவாக அனுமதியும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். விற்கும் பொருள் அதைப் பற்றிச் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. அதனால்தான் அந்த ஐந்து அம்சங்கள் எழுத்தில் இருப்பது என் மனுவுக்கு அடிப்படையாக அமைந்தது. குரல்பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

விமானி அறை வேலை நிற்கவில்லை. எங்கள் ஊரில் மின்பொருள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பழைய மேசை விசிறியின் வேகப் பொத்தான்களில் இருப்பதும் இதே பூட்டுத்தான் என்று கழற்றிக் காட்டினார். விசிறிகளில் பெரும்பாலும் நான்கு பொத்தான்களே இருக்கும். சமையலறைப் புகைபோக்கிகளின் பொத்தான் வரிசைகளில் ஐந்து உள்ளவையும் கிடைக்கின்றன. அப்படி ஒன்றை எடுத்து, அதன் தொடர்புகளை 5 வோல்ட்டுக்கு மட்டும் பயன்படுத்தி, விளக்குகளுக்குத் தனிச் சுற்று கொடுத்து அலுமினியத் தகட்டுக் கூட்டுக்குள் பொருத்திக்கொண்டிருக்கிறோம்.

6ஏ என்று தொடங்கும் தகடு ஒட்டிய பெட்டி உங்களிடம் ஏற்கெனவே வந்திருந்தால், அதைக் கணினியில் செருக வேண்டாம். பின்மூடியைத் திறந்து உள்ளே உள்ள இணைப்புகளையும் தகட்டையும் படமெடுத்த பிறகே எதையும் கழற்றுங்கள். பணம் செலுத்திய பற்றுச்சீட்டையும் கூரியர் உறையையும் பத்திரப்படுத்துங்கள். ஒரே தகட்டோடு வேறு பெட்டிகளும் இருப்பதை விசாரணையில் காட்ட முடிந்தால் உங்கள் மனுவுக்கும் என் மனுவுக்கும் வலுச் சேரும்.