7×57 மௌசர் தோட்டாவுக்காக வாங்கிய ராக் சக்கர் சுப்ரீம் பிரஸ்: மூன்று பருவங்களுக்குப் பின் ஒரு மதிப்புரை

மூன்று வேட்டைப் பருவங்களாக என் பணிமேசையில் பொருத்தப்பட்டிருக்கும் தோட்டாக் கூட்டை அச்சுக்குள் அழுத்தும் நெம்புகோல் கருவியான ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் ராக் சக்கர் சுப்ரீம் பிரஸ்ஸையும், அதனுடன் ஒரே பெட்டியில் வரும் கருவிகளையும் பற்றிய மதிப்புரை இது. கொலராடோவில் சட்டப்படி மான் வேட்டைக்குச் செல்பவன் நான். சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டாவைக் கையால் கெட்டித்துக்கொள்வது, அதாவது சுட்ட பித்தளைக் கூட்டில் தீப்பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைப் புதிதாக இட்டு மீண்டும் தோட்டாவாக்குவது, அமெரிக்காவில் நீண்ட காலமாக நிலைத்துவிட்ட ஒரு வழக்கம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையே பழங்கதையாகிவிட்ட இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு இது தொலைவான செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் நுட்பமான அளவைகளிலும் கருவிகளிலும் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இதில் சுவை இருக்கும் என்று நம்புகிறேன்.

ஒரே ஒரு தோட்டாவுக்காகவே இந்த பிரஸ்ஸை வாங்கினேன். 7×57 மௌசர் 1892-இல் ஜெர்மனியில் உருவாகி, அடுத்த ஆண்டே ஸ்பெயின் படையின் தோட்டாவானது. 1898-இல் கியூபாவின் சான் ஹுவான் குன்றில் அமெரிக்கப் படையினர் இதன் வலிமையை எதிர்முனையில் நின்று உணர்ந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் போயர்கள் இதையே ஏந்தினார்கள். ஆங்கிலேயர்கள் இதற்கு .275 ரிக்பி என்று பெயரிட்டுக்கொண்டார்கள். 1907-இல் சம்பாவத்தின் ஆட்கொல்லிப் பெண்புலியை வீழ்த்தியதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளிக்கப்பட்ட துப்பாக்கி இந்தத் தோட்டாவுக்கானதுதான். மென்மையான உதைப்பும், எடை மிகுந்த நீண்ட குண்டையும் நிலைகுலையாமல் செலுத்தும் குழலும் சேர்ந்து நூற்று முப்பது ஆண்டுகளாக இதை வேட்டைக்காரர்களின் கையில் வைத்திருக்கின்றன.

கடையில் கிடைக்கும் தோட்டாவை விட்டு நான் கையால் கெட்டிக்கத் தொடங்கியதற்கும் அந்த வயதுதான் காரணம். 1893, 1895 மாதிரி மௌசர் துப்பாக்கிகள் இன்றும் பலரிடம் இருக்கின்றன. தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் அவற்றின் பூட்டு பிற்காலத்திய 98 மாதிரியின் அளவுக்கு வலுவானதன்று. அவற்றில் போட்டுச் சுட்டாலும் தீங்கு நேராதபடி அமெரிக்கத் தர அமைப்பு இந்தத் தோட்டாவின் அழுத்த வரம்பைச் சதுர அங்குலத்துக்கு 51,000 பவுண்டு என்று தாழ்வாகவே வைத்திருக்கிறது. ஐரோப்பியத் தர அமைப்பின் வரம்பு 390 மெகாபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 56,500 பவுண்டு. ஆகவே அமெரிக்க ஆலைத் தோட்டாக்கள் இத்தோட்டாவின் இயல்பான ஆற்றலுக்குச் சற்றுக் குறைவாகவே கெட்டிக்கப்படுகின்றன. கிடைக்கும் வகைகளும் மிகச் சில. என் துப்பாக்கியோ 1980-களில் செய்யப்பட்ட வின்செஸ்டர் மாடல் 70 ஃபெதர்வெயிட். அதன் பூட்டுக்கு இந்த அச்சம் தேவையில்லை. ஆலைத் தோட்டாக்களில் எதைப் போட்டாலும் நூறு கஜத்தில் ஐந்து குண்டுகள் இரண்டு அங்குல வட்டத்துக்குள் விழுவதே அரிதாக இருந்தது. மானைச் சுட அது போதும் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஒரே குண்டில், வலியின்றி உயிர் பிரிய வேண்டும் என்று கருதுகிறவனுக்கு அது போதாது.

இனி கருவிக்கு வருகிறேன். ஆர்சிபிஎஸ் நிறுவனத்தை 1943-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில் ஃபிரெட் ஹண்டிங்டன் தொடங்கினார். 'ராக் சக்' எனப்படும் மலைப்பெருச்சாளி போன்ற சிறு விலங்கைச் சுடுவதற்கான குண்டுகளை அழுத்திச் செய்யும் அச்சுகளே அவருடைய முதல் சரக்கு; நிறுவனத்தின் பெயரும் (ராக் சக் புல்லட் ஸ்வேஜ் என்பதன் சுருக்கம்) பிரஸ்ஸின் பெயரும் அங்கிருந்து வந்தவை. ராக் சக்கர் சுப்ரீம் ஒற்றை நிலை பிரஸ். ஒரு முறை கைப்பிடியை இறக்கினால் ஒரு வேலை மட்டுமே நடக்கும். வார்ப்பிரும்பில் வளையம் போல முழுதும் மூடிய சட்டம், ஒரு அங்குல விட்டமுள்ள உந்துதண்டு, கூட்டு நெம்புகோல் அமைப்பு ஆகியவையே அதன் உடல். மேலே டை (கூட்டை அழுத்தி வடிவமைக்கும் அச்சு) பொருந்தும் புரி 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 சுற்றும் கொண்ட பொது அளவு என்பதால் எந்த நிறுவனத்தின் டையையும் இதில் திருகலாம். கைப்பிடியை அழுத்தும்போது சட்டம் விரிவதையோ தண்டு அசைவதையோ நான் ஒருமுறையும் உணர்ந்ததில்லை. ஒரு பிரஸ்ஸிடம் நான் எதிர்பார்ப்பது இதுதான்: ஐம்பதாவது கூடும் முதல் கூட்டைப் போலவே அச்சிலிருந்து வெளிவர வேண்டும்.

பெட்டியில் பிரஸ்ஸுடன் மருந்தளக்கும் யூனிஃபுளோ கருவி, துலாக்கோல் வகைத் தராசு, பிரைமரைக் கையால் பதிக்கும் கருவி, கூட்டின் வாயில் பிசிறு நீக்கும் கருவி, மசகு, கூடுகளை நிறுத்தும் தட்டு, புனல் எல்லாம் வருகின்றன. டையும், கூட்டின் அடியைப் பிடிக்கும் பற்றியும் (7×57-க்கு மூன்றாம் எண்) தனியே வாங்க வேண்டும். கூட்டை வெட்டிச் சமப்படுத்தும் கருவியும் நுண்ணளவு பார்க்கும் கேலிப்பரும் அப்படியே. புதிதாகத் தொடங்குபவர்கள் இந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வெடித்த பிரைமர்கள் தண்டின் முன்னால் உள்ள தட்டில் விழுகின்றன. இதே நிறுவனத்தின் ரெபல் பிரஸ்ஸில் அவை தண்டின் உள்ளே ஒரு குழாய் வழியாக இறங்குகின்றன. தூய்மையையே முதன்மையாகக் கருதுபவர்கள் அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். நான் ஐம்பது கூடுகளுக்கு ஒருமுறை தண்டைத் துடைத்து எண்ணெயிட்டுக்கொள்கிறேன்.

துல்லியம் என்று வந்தால், பலரும் முதலில் மருந்தின் அளவைத்தான் நினைக்கிறார்கள். நானும் முதல் பருவம் முழுவதையும் அப்படியே செலவழித்தேன். உண்மையில் என் துப்பாக்கியின் குணத்தை மாற்றியவை இரண்டு: கூட்டைச் சீராக்கும் முறையும், குண்டை அமர்த்தும் ஆழமும்.

சுட்ட கூடு துப்பாக்கியின் தோட்டா அறையின் வடிவத்துக்கு விரிந்திருக்கும். அதை டைக்குள் முழுதாகத் தள்ளி ஆலை அளவுக்கே சுருக்கினால், அடுத்த முறை சுடும்போது அது மீண்டும் அதிகமாக விரிய வேண்டியிருக்கும். பித்தளை களைத்து, அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெலிந்து, ஒருநாள் பிளந்துவிடும். அதனால் டையைச் சிறிது சிறிதாக இறக்கி, கூடு கழுத்தாகக் குறுகும் இடமான தோள் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு (0.05 மி.மீ.) மட்டும் பின்வாங்கும் இடத்தில் பூட்டி வைத்தேன். இவ்வளவு நுண்ணிய அளவு ஐம்பது கூடுகளிலும் மாறாமல் வருவதற்குச் சட்டம் விரியாத பிரஸ் தேவை. ராக் சக்கரின் வார்ப்பிரும்பின் அருமையை நான் அறிந்தது இந்த இடத்தில்தான்.

அடுத்தது கழுத்து. சாதாரண டையின் உள்ளே உள்ள விரிப்புக் குமிழ், கூடு வெளியேறும்போது கழுத்தை இழுத்து ஒரு பக்கம் சாய்த்துவிடும். சாய்ந்த கழுத்தில் அமரும் குண்டு குழலின் மையக்கோட்டில் நுழையாது. கழுத்தின் உட்புறத்திலும் மெல்லியதாக மசகு தடவிய பிறகு இந்தச் சாய்வு பாதிக்கும் கீழே குறைந்தது. குண்டை அமர்த்துவதற்கு ஃபார்ஸ்டர் நிறுவனத்தின் மைக்ரோமீட்டர் டையைப் பயன்படுத்துகிறேன்; அதன் உள்ளுறை கூட்டையும் குண்டையும் நேராகப் பிடித்துக்கொண்ட பின்னரே அழுத்தம் தொடங்குகிறது. இந்தத் தொகுப்புடன் வேறு எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இது. மசகைக் கஞ்சத்தனமாகத் தடவியதால் ஒருமுறை கூடு டைக்குள் இறுகச் சிக்கி, அதை எடுக்க ஓர் அரை நாள் ஆனது. தவறு முழுக்க என்னுடையது; அந்த இழுபறியிலும் பிரஸ்ஸுக்கு எந்தக் கேடும் நேரவில்லை.

ஆழத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய 7 மி.மீ. தோட்டா 11.2 கிராம் எடையுள்ள நீண்ட, மொட்டை முனைக் குண்டுக்காகப் பிறந்தது. அந்த மரபைப் பின்பற்றிய துப்பாக்கிகளில், தோட்டா அறைக்கும், குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் ரைஃப்ளிங் வரிகளுக்கும் இடையே இடைவெளி அதிகம். என்னுடையதும் அப்படித்தான். நான் விரும்பும் 140 கிரெயின் (9.1 கிராம்) குண்டை வரிகளைத் தொடும் அளவுக்கு வெளியே நீட்டி அமர்த்தினால், துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினுக்குள் தோட்டா நுழையாது. குண்டு வரிகளுக்கு மிக அருகில் இருந்தால்தான் துல்லியம் வரும் என்ற பரவலான நம்பிக்கையை நானும் வைத்திருந்தேன். அதைக் கைவிட்டு, மேகசின் அனுமதிக்கும் நீளத்தில் தொடங்கி, அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்காக உள்ளே தள்ளிக்கொண்டே போனேன். நான்காவது படியில், முன்பு ஒன்றரை அங்குலமாகச் சிதறிய அதே மருந்து, அதே குண்டு, ஓர் அங்குலத்துக்குச் சற்றே மேலான வட்டத்துக்குள் கூடியது. நம்பாமல் வெவ்வேறு நாள்களில் மூன்று முறை சுட்டுப் பார்த்தேன், அது மாறவில்லை. மூன்று குண்டுகளை மட்டும் சுட்டு முடிவு செய்யாமல் ஐந்தைந்தாகச் சுட்டதும், ஃபெதர்வெயிட்டின் மெல்லிய குழல் ஒவ்வொரு தடவையும் ஆறும்வரை காத்திருந்ததும் இந்தக் கண்டுபிடிப்புக்கு உதவின.

மருந்தாக எச் 4350-ஐத் தேர்ந்தேன். ஆஸ்திரேலியாவில் செய்யப்பட்டு ஹாட்ஜ்டன் பெயரில் விற்கப்படும் இதன் சிறப்பு, தட்பவெப்பத்துக்கு அதிகம் அசையாமை. ஜூலை வெயிலில் சோதித்த தோட்டாவை நவம்பர்ப் பனியில் சுடும்போதும் குண்டின் வேகம் பெரிதாக மாறுவதில்லை. ஐஎம்ஆர் 4350 என்பது பெயரில் மட்டுமே இதற்கு உறவு. ஒன்றின் அளவை மற்றதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதனால் மேசையில் ஒரே நேரத்தில் ஒரு மருந்து டப்பாவுக்கு மேல் வைப்பதில்லை. குண்டு, நாஸ்லர் பார்ட்டிஷன். நடுவில் தடுப்புச் சுவர் கொண்ட இந்த அமைப்பு 1948-இலிருந்து விற்பனையில் இருக்கிறது: முன்பகுதி விரியும், பின்பகுதி சிதறாமல் ஊடுருவும். இலக்குத் தாளில் மட்டும் அழகு காட்டும் குண்டுகளை நான் வேட்டைக்கு எடுத்துச் செல்வதில்லை.

மருந்தின் எடையை இங்கே எழுதாமல் விடுவது வேண்டுமென்றே. என் துப்பாக்கிக்குப் பாதுகாப்பான அளவு வேறொரு துப்பாக்கியில், அதிலும் 1893 மாதிரி ஒன்றில், ஆபத்தாக முடியலாம். மருந்து நிறுவனமோ குண்டு நிறுவனமோ வெளியிடும் நடப்புக் கையேட்டைத் திறந்து, அதில் தொடக்க அளவாகக் கூறப்பட்டுள்ளதிலிருந்து அரை அரை கிரெயினாக ஏறுவதே முறை. பூட்டைத் திறக்கக் கை கனத்தாலோ, பிரைமர் தட்டையாக நசுங்கியிருந்தாலோ, கூட்டின் அடியில் பளபளக்கும் தழும்பு தெரிந்தாலோ, கையேடு என்ன சொன்னாலும் அங்கேயே இறங்கிவிட வேண்டும். என் துப்பாக்கி உச்ச அளவுக்கு இரண்டு படி கீழேயே தன் சிறந்த முகத்தைக் காட்டியது. வேகத்தில் விட்டுக்கொடுத்ததை மான் அறிந்திருக்க வழியில்லை.

தராசைப் பற்றி ஒரு சொல். ஒரு கிரெயின் என்பது 0.0648 கிராம், நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின். அதில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுக்க வேண்டிய வேலை இது. விரைவாக முடியும் என்று நம்பி, வேறொரு நிறுவனத்தின் மலிவான மின்னணுத் தராசு ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அரை மணி நேரத்துக்குள் அதன் சுழியம் நகர்ந்துவிட்டது, அறையின் காற்று அசைந்தால் எண்ணும் அசைந்தது. தொகுப்புடன் வந்த துலாக்கோலுக்கே திரும்பிவிட்டேன். அது மெதுவானது, ஆனால் சோதனை எடைக்கற்களை வைத்து மாதம் ஒருமுறை பார்க்கிறேன், இதுவரை பிசகவில்லை. யூனிஃபுளோ கருவியில் மருந்தைச் சற்றுக் குறைவாக இறக்கி, மிச்சத்தைத் துளித்துளியாகத் தராசுத் தட்டில் சேர்த்துக்கொள்கிறேன். எச் 4350-இன் நீண்ட மணிகள் சில சமயம் கருவிக்குள் நொறுங்கும் ஓசை கேட்கும். உருண்டை மணி மருந்துகளில் இது இல்லை.

ஒரு மாலையில் ஐம்பது தோட்டாவுக்கு மேல் என்னால் முடிவதில்லை. இலக்குப் போட்டிகளுக்காக வாரம் நூற்றுக்கணக்கில் சுடுபவர்களுக்கு இந்த வேகம் பொறுக்காது. அவர்கள் பல நிலை பிரஸ்ஸைத் தேடுவதே நல்லது. ஆண்டுக்கு நூறு, இருநூறு தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துச் செய்ய விரும்பும் வேட்டைக்காரருக்கு ராக் சக்கரைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

புதியது வாங்க இயலாதவர்கள் பழைய ராக் சக்கரையும் தேடலாம். பல்லாண்டுகளாக விற்பனையில் உள்ளதால் பழைய பொருள் விற்பனைகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. தண்டை முழுதும் மேலே உயர்த்தி விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தென்பட்டால் விட்டுவிடுங்கள். மேலோட்டமான துரு துடைத்தால் போகும், தண்டின் மேற்பரப்பில் குழி விழுந்த துரு போகாது. டை பொருந்தும் புரியில் உங்கள் டை ஒன்றைக் கையாலேயே கடைசி வரை திருகிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.