படகின் குடிநீர்த் தொட்டி: எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா, ஃபைபரா?

கூட்டப்புளியில் நாங்கள் சில குடும்பங்கள் பங்கு சேர்ந்து நடத்தும், பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் படகு தேங்காய்ப்பட்டணத்தில் நிற்கிறது. அதன் குடிநீர்த் தொட்டி அடிப்பக்கம் துருவேறி ஓட்டையாகிவிட்டது. இரும்புத் தகட்டில் அடித்து, உள்ளே எபாக்சி பூசிய தொட்டி அது. நான்கு அடி அகலம், மூன்று அடி நீளம், ஒன்றரை அடி உயரம் என்பதால் 18 கன அடி, அதாவது சுமார் 510 லிட்டர் பிடிக்கும். எட்டுப் பேர் பத்து நாள் கடலில் தங்கினால், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர் வீதம் 480 லிட்டர் வேண்டும். கொள்ளளவில் குறையில்லை, மாற்றுத் தொட்டியை எதில் செய்வது என்பதுதான் கேள்வி.

வீட்டுப் பெண்கள் முதல் எல்லோரும் சொன்னது எவர்சில்வர். அந்தப் பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது என்பது என் எண்ணம். பாத்திரக் கடையில் பல ஆண்டுகள் பளபளக்கும் தகடு, உப்புநீர் படும் இடத்தில் அப்படியே இருப்பதில்லை. பட்டறைகளில் பெரும்பாலும் கிடைப்பது 304 வகை. கடலுக்கு ஏற்றது, 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 வகை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 வகையும் சந்தையில் உண்டு. காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவது பயனற்றது, ஏனெனில் இந்த மூன்றிலுமே அது ஏறக்குறைய ஒட்டாது. மாலிப்டினத்தைக் காட்டும் சொட்டு மருந்துச் சோதனையைப் பட்டறைக்காரர் நம் கண்முன் செய்து காட்ட வேண்டும். 316 என்றே உறுதியானாலும், முதலில் பழுதாவது பற்றவைத்த இடங்களும், பட்டை இறுக்கிய இடங்களும், தொட்டியின் அடிக்கும் பலகைக்கும் நடுவே உப்புநீர் தேங்கி நிற்கும் இடுக்குகளும்தான். அங்கே காற்றுப் படாததால் தகட்டின் காப்புப் படலம் மீண்டும் உருவாவதில்லை. ஊசிமுனை அளவில் துளை விழுகிறது. தொட்டியைக் கழுவப் போட்ட பிளீச்சிங் பவுடர் நீரைப் பல நாள் உள்ளேயே விட்டுவைத்தாலும் இதே கதிதான். 2 மி.மீ. தகட்டில் எங்கள் அளவுக்கு அடித்தால் தொட்டி மட்டும் 67 கிலோ வரும், நீர் அலையாமல் தடுக்கும் உள்தடுப்புகள் தனி. இத்தனைக்கும் பிறகு, நல்ல 316 தகட்டில் ஆர்கான் வெல்டிங் செய்த தொட்டிக்கு ஒரு மேன்மை உண்டு: நீரில் எந்த வாடையும் ஏறாது.

பிளாஸ்டிக் தொட்டி துருப்பிடிக்காது, விலையும் குறைவு. நம் ஊரில் எந்த நிறுவனத்துத் தொட்டியையும் சின்டெக்ஸ் என்றே சொல்கிறோம். வாங்கும்போது பெயரைப் பாராமல், ஐ.எஸ். 12701 என்ற இந்தியத் தர முத்திரையையும் ஒளி புகாத நிறத்தையும் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒளி புகுந்தால் பாசி பிடிக்கும். ஆனால் மொட்டைமாடியில் அசையாமல் நிற்பதற்கென வார்த்த பொருள் அது. படகில் நீர் அலையும்போது பக்கங்கள் புடைத்து உள்வாங்கும். குழாய் பொருத்திய நிப்பிள் தளர்ந்து கசியும். பாலித்தீனில் பசை பிடிக்காததால் கடலில் ஒட்டுப்போடவும் வழியில்லை. வட்டத் தொட்டியானால் சதுர இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீணாகிறது. சமையலறைப் பரண்மேல் வைக்கும் தாழ்வான லாஃப்ட் டேங்க் ஓரளவு பொருந்தும், அதுவும் அடி முழுவதும் பலகை தாங்கினால்தான்.

அலுமினியத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பித்தளைக் குழாய் ஒன்று அதோடு சேர்ந்தால் போதும், அரிப்பு தொடங்கிவிடும். நீல டிரம்களை அடுக்கிவைப்பது சில படகுகளில் வழக்கம். முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மில் குடிநீர் பிடிக்க எனக்குத் துணிவில்லை.

பொருளைப் பற்றி இவ்வளவு பேசிய பின்புதான் தளத்தின் திறப்பை அளந்தோம்; முதலிலேயே அளந்திருக்க வேண்டும். திறப்பு இரண்டரை அடிக்கு இரண்டு அடி. பழைய தொட்டியை உள்ளே இறக்கிய பிறகே மேல்தளம் போட்டிருக்கிறார்கள். அதை வெட்டித்தான் எடுக்க முடியும், அதே அளவில் எந்தப் புதுத் தொட்டியையும் தளத்தை அறுக்காமல் இறக்க முடியாது. ஆகவே மூன்று அடி நீளம், இரண்டு அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் இரண்டு தொட்டிகளைப் பக்கம் பக்கமாக வைப்பதே வழி. மொத்தக் கொள்ளளவு மாறவில்லை. அகலம் பாதியானதால், பாதி நிரம்பிய நீர் பக்கவாட்டில் சாய்ந்து படகைச் சாய்க்கும் விளைவு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒரு தொட்டி கெட்டாலும் மற்றதில் நீர் இருக்கும்.

இந்த அளவில் ஆயத்தமாகப் பிளாஸ்டிக் தொட்டி எங்களுக்குக் கிடைக்கவில்லை. எவர்சில்வரில் இரண்டாகப் பிரித்தால் தகடும் பற்றவைப்பும் கூடுகின்றன. ஃபைபரோ, அதாவது கண்ணாடி இழைப் பாயை ரெசின் என்ற பிசினில் தோய்த்துச் செய்வது, எந்த அளவுக்கும் வளைந்து கொடுக்கும். வள்ளம் செப்பனிடும் ஃபைபர் மேஸ்திரிகள் நம் கரையோரத்தில் உவரி வரைக்கும் இருக்கிறார்கள். விரிசல் விட்டால் இழைப் பாயும் ரெசினும் வைத்து ஒரே நாளில் அடைத்துவிடுவார்கள். அதன் குறை வாடை. வள்ளத்துக்குப் பயன்படும் சாதாரண ரெசினில் செய்து அவசரமாக நீர் நிரப்பினால், பெயிண்ட் நெடி போன்ற ஸ்டைரீன் வாடை மாதக்கணக்கில் நீரில் தங்கும். உட்பூச்சுக்கு உணவுத் தரச் சான்றுள்ள ஐசோ ரெசினையே கேட்டு வாங்கி, நன்கு இறுகவிட்டு, பிறகு வெந்நீர் நிரப்பிக் கொட்டுவதைப் பலமுறை செய்ய வேண்டும்.

அதற்கு நாள் வேண்டும், அந்த நாள் எங்களிடம் இருக்கிறது. படகு நிற்கும் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். கூட்டப்புளி இருக்கும் நம் கிழக்குக் கரையில் ஜூன் 14 அன்றே தடை முடிந்து, படகுகளைச் செப்பனிடும் வேலைகள் ஓய்ந்துவிடுவதால், மேஸ்திரியும் அதன்பின் கைக்குக் கிடைப்பார். ஆகவே ஃபைபர் தொட்டி இரண்டுக்குச் சொல்லிவிட்டோம். ஒவ்வொன்றிலும் கை முழுவதும் நுழைந்து மூலைவரை தேய்க்கும்படி பத்து அங்குல மூடி இருக்கும்; வண்டல் குழாயில் ஏறாதபடி நீர் எடுக்கும் வாய் அடியிலிருந்து ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும். ஆகஸ்டு முதல் தேதியே கடலுக்குப் போகவேண்டிய கட்டாயத்தில், ஜூலை கடைசியில் தொட்டி உடைந்தவராக இருந்தால், நான் லாஃப்ட் டேங்க்கையே வாங்கச் சொல்லியிருப்பேன்.