கே1, கே2: தமிழ்ப் பிள்ளைக்கு எந்தப் பாலர் பள்ளி?

சிங்கப்பூரில் பாலர் பள்ளி தேடும் பெற்றோர் முதலில் விசாரிப்பது கட்டணம், அடுத்தது வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது. “தமிழ் இருக்கா?” என்ற கேள்வி மூன்றாவதாக வரும். “இருக்கு” என்று பதில் வந்ததும் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால் கே1, கே2, அதாவது தொடக்கநிலை 1க்கு முந்தைய இரண்டு ஆண்டையும் முழுக்கக் கவனித்தவர்களுக்குத் தெரியும், கடைசியில் கனப்பது அந்த மூன்றாவது கேள்விதான். வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம், யார் கற்றுக்கொடுக்கிறார், அவர் வராத நாளில் என்ன நடக்கும் என்பதையெல்லாம் சேர்க்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

அரசு ஆதரவுள்ள இடங்கள் மூன்று வகை. ஒன்று, 2014இல் தொடங்கிய கல்வி அமைச்சு பாலர் பள்ளிகள். இங்கு கே1, கே2 மட்டும்தான் உண்டு. இரண்டாவது, ஆங்கர் ஆப்பரேட்டர் எனப்படும் ஐந்து நடத்துநர்கள்: ஸ்பார்க்கல்டாட்ஸ், மை ஃபர்ஸ்ட் ஸ்கூல், ஸ்கூல்ஃபோர்கிட்ஸ், ஈ-பிரிட்ஜ், மை வோர்ல்ட். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழ்த்தளத்தில் பார்ப்பதில் பெரும்பாலானவை இவைதான். மூன்றாவது, பார்ட்னர் ஆப்பரேட்டர்கள். இவர்களுக்கும் கட்டண உச்சவரம்பு உண்டு, ஆனால் ஆங்கரைவிடச் சற்றுக் கூடுதல்.

தமிழைப் பொறுத்தவரை அமைச்சுப் பாலர் பள்ளிதான் முன்னால் நிற்கிறது. எல்லா அமைச்சுப் பாலர் பள்ளிகளிலும் சீனம், மலாய், தமிழ் மூன்றும் உண்டு, தினமும் ஒரு மணி நேரம். பள்ளித் தவணை ஆண்டுக்கு 40 வாரம். பொது விடுமுறைகளைக் கழிக்காமல் பார்த்தால் ஆண்டுக்கு 200 மணி நேரம் வருகிறது. ஆங்கர், பார்ட்னர் நடத்தும் ஒரு பராமரிப்பு நிலையத்தில் வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் தமிழ் என்று வைத்துக்கொள்வோம். அது 50 வாரம் நடந்தாலும் 75 மணி நேரம்தான். வீட்டில் ஆங்கிலம் அதிகம் புழங்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தொடக்கநிலை 1இல் நன்றாகவே தெரியும்.

நேரக் கணக்கோடு வகுப்புக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும். நல்ல தமிழ் வகுப்பில் ஆசிரியர் பேச்சுத் தமிழில்தான் பிள்ளையோடு பேசுவார். “டீச்சர், மை ஷூ கழண்டுடுச்சு” என்று பிள்ளை வந்து நின்றால், “ஷூ கழண்டுடுச்சா? இங்க வா, மாட்டிக்கலாம்” என்று பதில் வரும். திருத்துகிறேன் என்று அங்கே பேச்சை நிறுத்துவதில்லை. சரியான வாக்கியம் பிள்ளையின் காதில் விழுந்துவிடும், பேச்சும் தொடரும். அரிச்சுவடியை வரிசையாக ஒப்பிக்க வைப்பதும், தாள் தாளாகப் புள்ளிக்கோட்டில் எழுத வைப்பதும் மட்டுமே நடக்கிற இடத்தில், பிள்ளை “அ” எழுதும், ஆனால் “அம்மா, பசிக்குது” என்று சொல்லக் கூச்சப்படும். சுவரையும் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கின்றனவா, இந்த மாதப் பாடத்துக்கு ஏற்ப மாறியிருக்கின்றனவா? வாசலில் ஒரு “நல்வரவு” மட்டும் இருந்தால் அது அலங்காரம்.

பராமரிப்பு நிலையங்களில் சிக்கல் வருவது எண்ணிக்கையால். ஒரு வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டோ மூன்றோ பேர்தான் இருப்பார்கள். அவர்களுக்கென்று முழுநேர ஆசிரியரை வைப்பது நடத்துநருக்குக் கடினம். ஆகவே ஒரே ஆசிரியர் இரண்டு, மூன்று நிலையங்களுக்குப் போய் வருவார், அல்லது நர்சரி 2 (கே1க்கு முந்தைய ஆண்டு) முதல் கே2 வரை எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பாடம் நடக்கும். அந்த ஆசிரியர் விலகினால் அடுத்தவர் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை சீன வகுப்பு நடக்கும் நேரத்தில் தமிழ்ப் பிள்ளை பின்வரிசையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும். இதைப் பள்ளி தானாக வந்து சொல்லாது. தினமும் கைப்பேசிச் செயலியில் வரும் படங்களில் தமிழ் வகுப்புப் படம் இரண்டு வாரமாக வரவில்லை என்றால் நேரே போய்க் கேளுங்கள். தமிழை நன்றாக நடத்தும் ஆங்கர் நிலையங்களும் இருக்கின்றன. நடத்துநரின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே நடத்துநரின் இரண்டு கிளைகளுக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும்.

பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது தமிழ் வகுப்பு நடக்கும் நேரத்தையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் இந்த நிலையத்தின் ஊழியரா, வெளியிலிருந்து வருபவரா, எத்தனை ஆண்டாக இருக்கிறார், கே1, கே2 தனித்தனி வகுப்பா என்று நான்கு கேள்வி போதும். இவற்றுக்கு உடனே பதில் சொல்ல முடியாத முதல்வரிடம் தமிழ் முன்னுரிமையில் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இனி பணம். அமைச்சுப் பாலர் பள்ளிக்குக் குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு மாதம் 160 வெள்ளி, நிரந்தரவாசிக்கு 320 வெள்ளி. மற்ற அனுமதியில் இருக்கும் பிள்ளைகளை அங்கே சேர்க்க முடியாது. முழுநாள் பராமரிப்புக்கு 2026இல் உச்சவரம்பு ஆங்கரில் 610 வெள்ளி, பார்ட்னரில் 650 வெள்ளி. 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சேர்த்தால் 664.90, 708.50 வெள்ளி. தாய் வேலைக்குப் போகிறவராக இருந்தால் 300 வெள்ளி அடிப்படை மானியம், இல்லையென்றால் 150. தாய் வேலைக்குப் போகும் குடும்பத்தின் மாத வருமானம் 12,000 வெள்ளிக்குள் இருந்தால் கூடுதல் மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். மானியங்கள் குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு மட்டும். பெற்றோர் நிரந்தரவாசியாக இருந்து பிள்ளையும் நிரந்தரவாசியாக இருந்தால், பராமரிப்பு நிலையத்தின் கணக்கே வேறு. கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

160 வெள்ளியைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். அது நான்கு மணி நேரத்துக்கு மட்டும்: காலை 8 முதல் 12 வரை, அல்லது மதியம் 1 முதல் 5 வரை. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மிச்ச நேரம்தான் செலவு. வளாகத்திலேயே கேகேர் எனும் பராமரிப்புச் சேவை மாலை 7 மணி வரை இருக்கும். அதற்குக் கட்டணம் தனி. மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு, செப்டம்பரில் ஒன்று, ஆண்டிறுதியில் ஆறு என 12 வாரம் பள்ளி விடுமுறை. அந்த வாரங்களுக்கு கேகேர் கட்டணம் எப்படி மாறுகிறது என்று முன்கூட்டியே கேட்டு, ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்த பிறகு ஒப்பிடுங்கள். தாத்தா பாட்டியோ பணிப்பெண்ணோ வீட்டில் இருந்தால் அமைச்சுப் பாலர் பள்ளிதான் லாபம். யாரும் இல்லாத வீட்டுக்கு, காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும் பராமரிப்பு நிலையம்தான் நிம்மதி.

நம் குடும்பங்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஊர்ப் பயணம். மானியம் கிடைக்க அந்த மாதத்தில் பிள்ளை ஒரு நாளாவது நிலையத்துக்கு வந்திருக்க வேண்டும். டிசம்பர் 1 புறப்பட்டு 31 திரும்பினால் அந்த மாத மானியம் கையைவிட்டுப் போகும் ஆபத்து உண்டு. நவம்பர் 20 போய் டிசம்பர் 20 திரும்பினால் அதே நான்கு வாரம்தான், இரண்டு மாதத்திலும் வருகை பதிவாகிவிடும்.

சைவ வீடுகளுக்கு ஒரு வார்த்தை. “சைவம் உண்டு” என்ற பதிலோடு நிற்காதீர்கள். கஞ்சிக்கும் சூப்புக்கும் இக்கான் பிலிஸ், அதாவது நெத்திலி, வேகவைத்த சாற்றை அடியாக ஊற்றுவது இங்கே சகஜம். சமையல்காரரிடம் சாறு எது, முட்டை சேருமா என்று கேட்டு, சேர்க்கைப் படிவத்தில் எழுதியும் கொடுங்கள். ஆசிரியர் மாறினாலும் அந்தத் தாள் இருக்கும்.

கை, கால், வாய்ப்புண் நோய் எல்லா இடத்திலும் வரும். வாசலில் வெப்பநிலை பார்ப்பதோடு உள்ளங்கையைத் திருப்பி, டார்ச் அடித்து வாய்க்குள்ளும் பார்க்கும் இடம் நம்பகமானது. வரிசை நீளமாக இருக்கும் திங்கட்கிழமை காலையிலும் அதை விடாமல் செய்கிறார்களா என்று பாருங்கள்.

தொடக்கப்பள்ளிப் பதிவுக்கு அமைச்சுப் பாலர் பள்ளி உதவுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒரே வளாகத்தில் இருக்கும் தொடக்கப்பள்ளிக்கு, பதிவின் கட்டங்களில் ஒன்றான 2ஏ கட்டத்தில் பதியலாம். ஆனால் இடம் உறுதி இல்லை. விண்ணப்பம் மிஞ்சினால் குலுக்கல் உண்டு.

பதிவு நேரத்தைத் தவறவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அமைச்சுப் பாலர் பள்ளியின் கே1 இடத்துக்குப் பிள்ளைக்கு நான்கு வயது நிறையும் ஆண்டிலேயே பதிய வேண்டும். பொங்கல் முடிந்ததும் கல்வி அமைச்சின் இணையப்பக்கத்தைப் பார்க்கத் தொடங்குங்கள். பொங்கோல் போன்ற சில இடங்களில் ஸ்பார்க்கல்டாட்ஸும் மை ஃபர்ஸ்ட் ஸ்கூலும் நடத்தும் இளம்பருவ நிலையங்களில் படிக்கும் நர்சரி 2 பிள்ளைக்கு, அருகிலுள்ள அமைச்சுப் பாலர் பள்ளியில் கே1 இடம் உறுதி. இரண்டு வயதுப் பிள்ளை உள்ள குடும்பம் அந்த வட்டாரத்துக்குக் குடிபோவதாக இருந்தால், சாவி வாங்கிய வாரமே அந்த நிலையத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள்.